கட்டி முடித்த ஸ்பீட்ஸ்டரா, பழைய மாடல் ஏ-வா, நாமே கட்டுவதா?

விளம்பரத்தில் இருக்கும் வண்டி இதுதான்: 1929 ஃபோர்டு என்று பதிவான ஸ்பீட்ஸ்டர் ஹாட் ராட், அதாவது பழைய காரை உரித்துப் பெரிய எஞ்சின் வைத்துக் கட்டிய வண்டி. இரண்டே இருக்கை. கதவு கிடையாது, கூரை கிடையாது. பின்பக்கம் படகு மூக்கு மாதிரி கூம்பி முடியும் பாடி, படகு வால் என்பார்கள். முன்னால் ஃபோர்டின் அந்தக் காலத்துக் காரான மாடல் ஏ-யின் ரேடியேட்டர் கூடு, அதற்குப் பின்னால் 350 கன அங்குல செவர்லே வி8 எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக். இதுபோல் இன்னொன்று உலகத்திலேயே கிடையாது என்று விற்பவர் எழுதியிருக்கிறார். டெட்ராய்ட் பக்கம் வேலை பார்க்கும் நண்பர் இதை எனக்கு அனுப்பி, வாங்கலாமா என்று கேட்டார்.

இந்த ஒரு வண்டியை மட்டும் பார்த்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. அதே ஆசைக்கு வேறு வழிகளும் இருக்கின்றன. அந்தக் காலத்துப் பாகங்களோடு இருக்கும் ஒரு மாடல் ஏ அல்லது அதற்கு முந்தைய ஃபோர்டான மாடல் டி ஸ்பீட்ஸ்டரை வாங்கலாம். பெயர் பெற்ற பழைய ஸ்பீட்ஸ்டரின் நகலை வாங்கலாம். வெறும் அடிச்சட்டத்தில் தொடங்கி நாமே கட்டலாம். எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது தெரியும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்னொன்று இல்லாத வண்டிக்கு வொர்க்‌ஷாப் மேனுவலும் கிடையாது, பாக எண்களும் கிடையாது. பத்து வருஷம் கழித்து முன் பிரேக் பேடு தேய்ந்தால் எந்த வண்டியின் பேடு வாங்குவது என்று கட்டியவருக்கு மட்டும்தான் தெரியும். அதனால் கட்டியவர் எழுதி வைத்த கோப்பு வண்டியோடு வந்தால் விலை பேசலாம். வராவிட்டால், பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் மாடல் ஏ பக்கம் போவதுதான் நல்லது.

ஸ்பீட்ஸ்டரும் ஹாட் ராடும் முதலில் வேறு வேறு ஆட்களின் விளையாட்டாக இருந்தன. 1910 வாக்கில் மெர்சர் ரேஸபவுட், ஸ்டட்ஸ் பேர்கேட் போன்ற திறந்த, இரண்டு இருக்கை வண்டிகளைப் பணக்காரர்கள் ஓட்டினார்கள். அதைப் பார்த்து ஏங்கிய பையன்கள் கையில் கிடைத்த மாடல் டி-யின் பாடியைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு வாளி இருக்கையையும் பின்னால் ஓர் உருளை டேங்க்கையும் வைத்துக்கொண்டார்கள். 1925-இல் புது மாடல் டி ரன்னபவுட்டின் விலையே 260 டாலர்தான். பழையது இன்னும் மலிவு. அதற்கென்று தகரப் பாடி செய்து தபாலில் விற்ற கம்பெனிகள் வந்தன. செவர்லே சகோதரர்கள் ஃபிரான்ட்டினாக் என்ற பெயரில் மாடல் டி எஞ்சினுக்கு மேல்-வால்வு சிலிண்டர் ஹெட் செய்து விற்றார்கள். அப்படிப்பட்ட ஃபிரான்ட்டி-ஃபோர்டு ஒன்று 1923 இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் ஐந்தாவதாக வந்தது. சந்தையில் மிக மலிவான காரின் எஞ்சின் வம்சம் அது!

ஹாட் ராட் என்பது அதற்கு அடுத்த தலைமுறை. கலிஃபோர்னியாவின் காய்ந்த ஏரிப் படுகைகளில், மியூராக்கிலும் எல் மிராஜிலும், மாடல் ஏ ரோட்ஸ்டர்களை, அதாவது திறந்த பாடி வண்டிகளை, உரித்து ஓட்டினார்கள். 1932-இல் ஃபோர்டு தன் பக்கவால்வு வி8 எஞ்சினைக் கொண்டுவந்ததும் ஆட்டம் மாறியது. 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன், சாமானியன் வாங்கக்கூடிய விலை. 1937-இல் வேகத்தை அளந்து பந்தயம் நடத்தும் தென் கலிஃபோர்னியா டைமிங் அசோசியேஷன் உருவானது. 1949-இல் போனவில் உப்புப் படுகையில் முதல் வேக வாரம் நடந்தது. இன்று விற்பனைக்கு வரும் 'ஸ்பீட்ஸ்டர் ஹாட் ராட்' இந்த இரண்டு மரபையும் ஒட்டுப்போட்டது: உருவம் 1920-களுடையது, ஓட்டம் 1970-களுடையது. அந்த ஒட்டு பிடித்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. சிலருக்கு முன்னால் சிறிய ரேடியேட்டரும் பின்னால் நீண்டு கூம்பும் வாலும் போதும், உள்ளே எந்த எஞ்சின் இருந்தாலும் கவலையில்லை. சிலருக்குப் பானட்டைத் திறந்து செவர்லே எஞ்சினைப் பார்த்த உடனே மனது விட்டுப்போகும். இதில் சரி, தப்பு இல்லை. ஆனால் வாங்குவதற்கு முன்னால் தாம் எந்த ரகம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

கட்டி முடித்த வண்டி

இதன் பெரிய லாபம் பணம். தனியாகக் கட்டிய வண்டிகள் கட்டிய செலவுக்குத் திரும்ப விற்காது என்பது அமெரிக்கக் கார்க்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. சட்டம், எஞ்சின், கியர்பாக்ஸ், பெயின்ட், தோல் தைத்தது, க்ரோம் பூச்சு எல்லாம் கூட்டி ஒருவர் செலவழித்ததில் ஒரு பங்குக்குத்தான் அடுத்தவர் வாங்குவார், ஏனென்றால் இது கட்டியவருடைய கனவு, வாங்குபவருடையது அல்ல. அந்த நட்டத்தை விற்பவர் ஏற்கெனவே சுமந்துவிட்டார். நாம் வாங்கினால் நமக்கு அது சகாயம்.

இன்னொரு லாபம், சாவியைத் திருப்பினால் ஓடும். 350 செவர்லே எஞ்சின் 1967-இல் வந்தது. அதற்குப் பிறகு அது ஏறாத வண்டி இல்லை. வாட்டர் பம்ப், டிஸ்ட்ரிபியூட்டர், கேஸ்கெட் எது வேண்டுமென்றாலும் தெருமுனைப் பாகக் கடையில் கிடைக்கும். ஹைவேயில் மற்ற வண்டிகளோடு சேர்ந்து போகலாம். பிரேக் பிடித்தால் நிற்கும்.

சரி, அப்படியென்றால் தயக்கம் எதற்கு? எல்லாம் கைவேலை என்பதால்தான். தொழிற்சாலை வண்டியில் ஸ்டீயரிங் ராடு எங்கே வர வேண்டும் என்று ஒரு கூட்டம் எஞ்சினியர்கள் உட்கார்ந்து முடிவு செய்திருப்பார்கள். இங்கே ஒருவர் தன் ஷெட்டில் முடிவு செய்திருக்கிறார். அவர் வல்லவராக இருக்கலாம். அதைப் படத்தில் பார்த்துச் சொல்ல முடியாது, வண்டியைத் தூக்கி அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் வெல்டிங். மாடல் ஏ சட்டம் திறந்த வாய் உள்ள மெல்லிய தகட்டுச் சட்டம். அது 40 குதிரைத்திறனுக்காகச் செய்தது. வி8 வைப்பவர்கள் அதன் திறந்த பக்கத்தைத் தகடு வைத்து அடைத்து, குறுக்குச் சட்டங்கள் சேர்ப்பார்கள். அந்த வெல்டிங் சீராக, காசுகளை ஒன்றன்மேல் ஒன்று சரித்து வைத்ததுபோல் தெரிந்தால் நல்ல அடையாளம். முழுக்கச் சாணை பிடித்து வழவழப்பாக்கி பெயின்ட் அடித்திருந்தால் உள்ளே என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. அந்த நிலையில் பெயின்ட்டுக்கு முன் எடுத்த படங்களைக் கேளுங்கள். ஒழுங்காகக் கட்டியவர் படம் எடுத்து வைத்திருப்பார்.

அப்புறம் ஸ்டீயரிங். இந்த வண்டிகளில் செவர்லே வேகா காரின் ஸ்டீயரிங் பாக்ஸ் வைப்பது பழக்கம். முன்னால் இருப்பது ஃபோர்டின் குறுக்கு ஸ்பிரிங். அது ஒரு பக்கம் அசைந்தால் ஆக்சிலும் கூடவே அசையும். அந்த அசைவைத் தடுக்கப் பேன்ஹார்டு பார் என்ற ஒரு குறுக்குக் கம்பி வேண்டும், அதுவும் ஸ்டீயரிங்கின் இழுகம்பிக்கு இணையாகவும் ஏறத்தாழ அதே நீளமாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் வண்டி தானாகத் திரும்பும். ஓட்டிப் பார்க்கும்போது மோசமான ரோடு ஒன்றைத் தேடிப் போய் ஓட்டுங்கள். மிச்சிகனில் அதற்கு அலைய வேண்டியதில்லை.

பிரேக்கில் பலர் கவனிக்காத ஓர் இடம் இருக்கிறது. இந்த வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் தரைக்கு அடியில் இருக்கும், அதாவது சக்கரத்தில் பிரேக் பேடை அழுத்தும் காலிபரைவிடத் தாழ்வாக. அப்போது பிரேக் ஆயில் மெல்லப் பின்னோக்கி வழிந்துவிடும். அடுத்த முறை மிதித்தால் பெடல் ஆழமாக இறங்கும். அதைத் தடுக்கக் குழாயில் சிறிய அழுத்த வால்வு வைக்க வேண்டும்: டிஸ்க்குக்கு 2 பிஎஸ்ஐ, டிரம்முக்கு 10 பிஎஸ்ஐ. வண்டியை ராத்திரி முழுக்க நிறுத்திவிட்டு, காலையில் முதல் மிதியில் பெடல் எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். ஒரு மிதியில் தெரிந்துவிடும்.

படகு வால்தான் பாடியில் எல்லோரும் மயங்கும் இடம், ஏமாறுவதற்கும் அதுவே வாய்ப்பான இடம். இரண்டு பக்கமும் வளைந்துகொண்டே கூம்பும் தகட்டை அடித்து எடுப்பது பெரிய கைத்திறன். அது இல்லாதவர்கள் பட்டி என்ற பூச்சு மாவை அரை அங்குலத்துக்குப் பூசித் தேய்த்து வளைவை உண்டாக்குவார்கள். இரும்புத் தகடு என்று சொன்னால் துணியில் சுற்றிய சிறு காந்தத்தை வைத்து வால் முழுக்கத் தடவிப் பாருங்கள். எங்கே பிடி தளர்கிறதோ அங்கே பட்டி. அலுமினியத்திலும் ஃபைபரிலும் காந்தம் ஒட்டாது, அங்கே உட்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். வாலுக்குள் தலையை விட்டு டார்ச் அடித்தால் சுத்தியல் தடமும் இணைப்புகளும் தெரியும்.

சூடு இன்னொரு தொல்லை. மாடல் ஏ ரேடியேட்டர் கூடு நாலு சிலிண்டர் எஞ்சினுக்கு அளவெடுத்தது. அதற்குள் வி8-க்கு வேண்டிய ரேடியேட்டரை நுழைப்பது சுலபமில்லை. ஆகஸ்ட் மாதம் டெட்ராய்ட் பக்கம் நடக்கும் பழைய கார் ஊர்வலமான வுட்வர்ட் ட்ரீம் க்ரூஸுக்கு வண்டியைக் கொண்டுபோக ஆசைப்படுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. அங்கே வண்டிகள் ஓடுவதில்லை, ஊர்கின்றன. எஞ்சினை இருபது நிமிஷம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு முள் எங்கே நிற்கிறதென்று பார்த்துவிட்டுத்தான் விலை பேச வேண்டும். டயரின் பக்கத்தில் இருக்கும் கடைசி நாலு எண்களையும் பாருங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். ஷோவுக்கு மட்டும் போன வண்டியின் டயர் தேயாமலேயே கிழடாகியிருக்கும்.

பேப்பர் விஷயம்

வண்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் டைட்டில் என்ற உரிமைப் பத்திரம் சரியில்லாவிட்டால் அது நம்முடையதே இல்லை. மாடல் ஏ-வில் வண்டியின் அடையாள எண் இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று எஞ்சின் மேல். இன்னொன்று இடது பக்கச் சட்டத்தின் மேல்முகத்தில், பாடிக்கு அடியில் மறைந்து. எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு 350 வைத்தவரிடம் இருக்கும் டைட்டிலில் அந்தப் பழைய எண் இருக்கும். அது இந்தச் சட்டத்துக்குத்தான் சொந்தமா என்பதை பாடியைத் தூக்கினால்தான் பார்க்க முடியும். சட்டமே புதிதாகச் செய்ததென்றால் '1929 ஃபோர்டு' என்ற பதிவுக்கு அர்த்தமே இல்லை. அது தனியாகக் கட்டிய வண்டி என்று பதிவாகியிருக்க வேண்டும். மாடல் டி-யில் சிக்கல் இன்னும் அதிகம், அதன் பெரும்பாலான ஆண்டுகளில் சட்டத்தில் எண்ணே அடிக்கவில்லை, எஞ்சின் எண்தான் எல்லாம்.

இதை ஊதிப் பெரிதாக்கிச் சொல்வதாக நினைக்க வேண்டாம். கன்சாஸ் மாநிலத்தில் ஒருவர் வாங்கிய 1959 கோர்வெட்டை 2017-இல் போலீஸ் எடுத்துக்கொண்டு போனது. பழுதுபார்த்தபோது எண் தகட்டைக் கழற்றித் திரும்ப அடித்திருந்தார்கள், அவ்வளவுதான். வாங்கியவர் எந்தத் தப்பும் செய்யவில்லை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டும் வண்டி ஆண்டுக்கணக்கில் கிடங்கில் கிடந்தது. 2022-இல் மாநிலச் சட்டத்தையே மாற்ற வேண்டியிருந்தது. கைவேலை வண்டி வாங்குகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிஃபோர்னியாவில் தனியாகக் கட்டிய வண்டிகளில் ஆண்டுக்கு 500-க்கு மட்டும் புகைச் சோதனையில் சலுகைச் சான்று கொடுக்கிறார்கள். அங்கே இருப்பவர் வேறு மாநிலத்திலிருந்து வாங்கினால், பணம் கொடுப்பதற்கு முன்பே தன் மாநில அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டும். ஊருக்கு அனுப்பலாமே என்று யோசிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: இந்தியாவில் 2021-இல் வந்த பழங்கால வண்டி விதி 50 வருஷம் தாண்டி, மூல வடிவத்திலேயே இருக்கும் வண்டிகளுக்குத்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும் இப்படி உருமாற்றியதை ஏற்காது. ஹாட் ராட் அமெரிக்க ரோட்டிலேயே இருக்கட்டும்.

மாடல் ஏ பக்கம்

இனி அடுத்த வழி. 1928 முதல் 1931 வரையிலான மாடல் ஏ-யின் சட்டம், எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் ஃபோர்டாகவே இருக்க, பாடியை மட்டும் ஸ்பீட்ஸ்டராக மாற்றியது. இதுவும் கைவேலைதான், ஆனால் அடியில் இருப்பது 48 லட்சத்துக்கும் மேல் தயாரான வண்டி. எல்லாப் பாகத்துக்கும் எண் உண்டு. ஓஹையோவின் ஸ்னைடர்ஸ், மேரிலாந்தின் பிராட்டன்ஸ் மாதிரி மாடல் ஏ பாகங்களுக்கென்றே வாழும் கடைகள் உண்டு. கட்டியவர் யாரென்றே தெரியாவிட்டாலும் வண்டியைப் புரிந்துகொள்ள முடியும். எனக்கு இந்த வழி பிடிப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

ஓட்டுவது வேறு அனுபவம். பெட்ரோல் டேங்க் நம் முழங்காலுக்கு முன்னால், டாஷ்போர்டுக்கு உள்ளேயே இருக்கும். பம்ப் கிடையாது, பெட்ரோல் தானாக இறங்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே இடது பக்கம் ஸ்பார்க் நெம்பு, வலது பக்கம் ஆக்சிலரேட்டர் நெம்பு. ஸ்டார்ட் செய்யும்போது ஸ்பார்க்கைப் பின்தள்ளி, எஞ்சின் பிடித்ததும் இறக்கிவிட வேண்டும். கியர் சத்தமில்லாமல் விழ உதவும் சிங்க்ரோ இதில் இல்லை, இரண்டு முறை கிளட்ச் மிதித்து, எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டு மாற்ற வேண்டும். சரியாக விழும்போது சத்தமே இல்லாமல் போகும்; தப்பினால் தெரு முழுக்கக் கேட்கும். பழகிய பிறகு அந்தக் கியர் மாற்றலுக்காகவே வண்டியை எடுக்கத் தோன்றும். 350-உம் ஆட்டோமேட்டிக்கும் அதைக் கொடுக்காது.

குறைகளையும் சொல்ல வேண்டும். மூல வடிவில் 40 குதிரைத்திறன், மணிக்கு 45 முதல் 50 மைல் வரை நிம்மதியாகப் போகும். ஹைவேயை மறந்துவிட வேண்டும். பிரேக் நாலு சக்கரத்திலும் உண்டு, ஆனால் கம்பி இழுக்கும் பிரேக். ஒழுங்காக அட்ஜஸ்ட் செய்தால் நன்றாகவே பிடிக்கும், ஆனால் முன்னால் போகும் புதுக் கார் நிற்கும் தூரத்தில் நிற்காது. இதற்குப் பழைய ஹாட் ராட்காரர்களே வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஃபோர்டு 1939-இல்தான் ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறியது. 1939 முதல் 1948 வரையிலான ஃபோர்டு பிரேக்குகள் மாடல் ஏ-வில் கொஞ்சம் வேலையோடு உட்காரும். எஞ்சினின் அமுக்க விகிதம் வெறும் 4.22, அதை 5.5-க்கு ஏற்றும் சிலிண்டர் ஹெட் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது, போல்ட் கழற்றி மாட்ட வேண்டியதுதான். ஓவர்டிரைவ் என்ற கூடுதல் உயர் கியர் சேர்த்தால் எஞ்சின் கத்தாமல் 55 போகும். கட்டிய வண்டியில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி: எஞ்சின் பேரிங் பழைய மாதிரி மென்மையான உலோகக் கலவையை உருக்கி ஊற்றிய பேபிட்டா, இல்லை மாற்றிப் போடும் இன்செர்ட்டா? பேபிட் ஊற்றத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

மாடல் ஏ-வில் ஃபோர்டின் பழைய பக்கவால்வு வி8 வைத்த ஸ்பீட்ஸ்டரும் சந்தைக்கு வரும். சத்தம் அருமை, அதற்கு ஈடே கிடையாது. ஆனால் அந்த எஞ்சினில் புகை போகும் வழி தண்ணீர் அறைகளுக்கு நடுவே பிளாக்குக்குள்ளேயே வருவதால் சூடு அதிகம். வால்வு இருக்கைக்கும் சிலிண்டருக்கும் நடுவே விரிசல் விழுவது அதன் பிறவி நோய். விரிசலைக் காட்டும் காந்தத் தூள் சோதனையின் சான்று இல்லாமல் அதற்கு அதிக விலை கொடுக்காதீர்கள்.

மாடல் டி ஸ்பீட்ஸ்டர் பார்க்க இன்னும் அழகு, விலையும் பெரும்பாலும் குறைவு. ஆனால் அதை ஓட்டுவது தனிக் கலை. மூன்று பெடலில் இடது கியர், நடு ரிவர்ஸ், வலது பிரேக், ஆக்சிலரேட்டர் கையில். அந்தப் பிரேக் பிடிப்பது சக்கரத்தை அல்ல, கியர்பாக்ஸை. இங்கே ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. வேகத்துக்காகப் பின்னால் இன்னொரு கூடுதல் கியர்பாக்ஸ் சேர்த்திருந்தால், அது நியூட்ரலில் மாட்டிக்கொண்ட நொடியில் கால் பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே அறுந்துவிடும். இறக்கத்தில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. பின் சக்கரங்களில் தனியாக வெளிப்புற பிரேக் இல்லாத, கூடுதல் கியர்பாக்ஸ் வைத்த டி ஸ்பீட்ஸ்டரை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஆசை இருப்பவர்கள் மிச்சிகனின் ஹிக்கரி கார்னர்ஸில் இருக்கும் கில்மோர் கார் அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். அங்கே மாடல் டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்கள். வாங்கும் முன் ஒரு நாள் அதில் செலவழிப்பது நல்லது.

நகல், நாமே கட்டுவது

ஆபர்ன் ஸ்பீட்ஸ்டரின் நகலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். 1935-இல் வந்த 851 ஸ்பீட்ஸ்டர் அமெரிக்கப் படகு வால் வண்டிகளின் ராணி. கார்டன் பியூரிக் வடிவமைத்தது, சூப்பர்சார்ஜர் வைத்த 150 குதிரைத்திறன் எட்டு சிலிண்டர் எஞ்சின். 100 மைல் தாண்டியது என்று ஒவ்வொரு வண்டியிலும் தகடு அடித்துக் கொடுத்தார்கள். மூல வண்டி நம் கைக்கு எட்டாது. ஆபர்ன் கம்பெனியின் எஞ்சிய பாகங்களை வாங்கி ஓக்லஹோமாவுக்குக் கொண்டுபோன கிளென் பிரே 1960-களில் ஃபோர்டு அடிப்பாகத்தில் ஃபைபர் பாடி வைத்து நகல் செய்யத் தொடங்கினார். பிறகு வேறு பலரும் செய்தார்கள். சுகமாக ஓடும், போகிற இடமெல்லாம் கூட்டம் சேரும். ஆனால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இது அசலா என்பதுதான். தினமும் இல்லை என்று பதில் சொல்லச் சம்மதமென்றால் வாங்கலாம். எனக்கு ஆர்வமில்லை. ஒன்றைப்போல் இருப்பதைவிட, சாதாரண ஃபோர்டிலிருந்து தானாக உருவான ஸ்பீட்ஸ்டர் எனக்கு மேல்.

நாமே கட்டுவதுதான் எல்லோருடைய கனவும். பகலில் கணினியில் வண்டி வரைபவர்களுக்கு மாலையில் கையால் ஒரு வண்டி கட்ட ஆசை வருவது இயல்பு. மாடல் ஏ சட்டம் கிடைக்கும். ஓஹையோவின் புரூக்வில்லில் புதிய இரும்பு ரோட்ஸ்டர் பாடிகளே அடிக்கிறார்கள். ஆனால் நாம் நினைத்தபடி படகு வால் வேண்டுமென்றால் அதை யாராவது கையால் அடிக்கத்தான் வேண்டும். வெல்டிங் கற்க ஒரு காலம், தகடு அடிக்கக் கற்க இன்னொரு காலம். அதற்கிடையில் வேலை மாறும், குழந்தை பிறக்கும், வீடு மாறும். பாதியில் நின்ற வண்டிகள் எத்தனை விற்பனைக்கு வருகின்றன என்று பார்த்தாலே போதும். ஓட்டுவதைவிடக் கட்டுவதே இன்பம் என்பவருக்கு இது சரி. வருகிற கோடையில் ஓட்ட வேண்டும் என்பவருக்குச் சரிவராது. அந்தப் பாதி வண்டிகளை மலிவாக வாங்கி முடிக்கலாம் என்ற யோசனையும் வேண்டாம். அவற்றில் காணாமல் போன சின்னச் சின்னப் பாகங்கள்தான் கடைசியில் காலத்தைத் தின்னும்.

எதை வாங்கினாலும் இன்சூரன்ஸை ஒப்புக்கொண்ட மதிப்பு முறையில் எடுக்க வேண்டும். சாதாரண கார் பாலிசியில் விபத்து நடந்தால் தேய்மானம் கழித்து '1929 ஃபோர்டு' என்று ஏதோ ஒரு விலை போடுவார்கள். ஹேகர்ட்டி போன்ற பழைய வண்டிக் கம்பெனிகள் முன்கூட்டியே ஒரு தொகையை ஒத்துக்கொண்டு அதையே கொடுப்பார்கள். அந்தத் தொகைக்கு ஆதாரமாக அவர்கள் கேட்பதும் படங்களும் பில்களும்தான். மறுபடியும் அந்தக் கோப்பு!

வீட்டில் பேச வேண்டியதும் ஒன்று இருக்கிறது. இது இரண்டு பேர் வண்டி. பெரும்பாலானவற்றில் சீட் பெல்ட்டுக்கே ஒழுங்கான பிடிமானம் இருக்காது, குழந்தை இருக்கை மாட்டவே முடியாது. கதவில்லாத பாடியில் ஏற, பக்கச் சுவரைத் தாண்டிக் கால் வைக்க வேண்டும். அந்த வழியிலேயே வெளியே நீட்டிய எக்ஸாஸ்ட் குழாய் கொதித்துக்கொண்டிருக்கும். ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை ஏற்றிக் காட்ட நினைப்பவர்கள் சாதாரண மாடல் ஏ ரோட்ஸ்டரைப் பார்க்கலாம். கதவு உண்டு, கூரை உண்டு, டிக்கியைத் திறந்தால் பல வண்டிகளில் இன்னும் இரண்டு பேருக்கு இடமும் உண்டு.

சரி, நண்பருக்கு என்ன சொன்னேன்? அவர் வெல்டிங் அறியாதவர், சின்னப் பையன் ஒருவன் வீட்டில், வார இறுதியில் நாற்பது மைல் கிராமத்து ரோடு ஓட்டினால் போதும் என்பவர். ஹைவே வேகம் அவருக்குத் தேவையே இல்லை. அவருக்கு ஹைட்ராலிக் பிரேக் போட்ட மாடல் ஏ ஸ்பீட்ஸ்டர்தான் பொருந்தும். ஆனால் விளம்பர வண்டியை உடனே தள்ளிவிடச் சொல்லவில்லை. விற்பவரிடம் மூன்று விஷயம் கேட்கச் சொன்னேன்: சட்டத்தில் இருக்கும் எண்ணின் படம், பெயின்ட்டுக்கு முன் எடுத்த வெல்டிங் படங்கள், எந்தப் பாகம் எந்த வண்டியிலிருந்து வந்தது என்ற பட்டியல். மூன்றும் வந்தால் வண்டியை டிரக்கில் ஏற்றி ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய்த் தூக்கிப் பார்க்கும் செலவு வீண் போகாது. பட்டியல் மனப்பாடமாக இருக்கிறது, நேரில் வாருங்கள் என்று பதில் வந்தால் போக வேண்டியதில்லை.

எந்த வண்டியானாலும் அக்டோபருக்குள் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். நவம்பர் வந்தால் ரோட்டில் உப்பு கொட்டிவிடுவார்கள். விற்பவர் விலையைக் குறைப்பார், ஆனால் மனசாட்சி உள்ள யாரும் திறந்த சட்ட வண்டியை அந்த உப்பில் இறக்கிக் காட்ட மாட்டார்கள், ஓட்டாமல் வாங்குவதும் சரியில்லை. அதற்கு முன் செப்டம்பரில் டியர்பார்னில் கிரீன்ஃபீல்டு வில்லேஜ் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தின் பழைய கார் விழா வருகிறது. 1932 வரையிலான வண்டிகள் மட்டும் ஓடும் இடம் அது. சொந்தக்காரர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். கேட்டால் பானட்டைத் திறந்து மணிக்கணக்காகச் சொல்வார்கள். விற்க நினைப்பவர் யார் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும்.